தேரிக்காட்டுச் சூனியக்காரி: இளையோருக்கான மாயக்கதை எழுதுவது எப்படி?

பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கிற மாதிரி ஒரு சூனியக்காரி கதை எழுத ஆசையா? முதலில் துடைப்பத்தையும் கூம்புத் தொப்பியையும் ஓரமாக வையுங்கள். 1692-இல் அமெரிக்காவின் சேலத்தில் 19 பேரைத் தூக்கில் போட்ட பயம் அந்த ஊரின் மதத்திலும் ஊர்ச்சண்டையிலும் விளைந்தது. நமக்கு நம் மண்ணில் விளைந்த பயம் வேண்டும், திருநெல்வேலிச் சீமையில் அதற்குப் பஞ்சமே கிடையாது.

இடத்தை முதலில் முடிவு பண்ணுங்கள். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காடு என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மணல், பனை, காற்றடித்தால் இடம் மாறுகிற மேடு. அந்த மண்ணிலிருந்தே நாயகியின் சக்தி வரட்டும். கையை மணலில் வைத்தால் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியும், பார்த்த அன்று ராத்திரி காய்ச்சல் வரும். அவ்வளவு போதும். நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள், நாயகி கையை வீசினால் ஊரே எரியும் என்று எழுதிவிட்டு, அந்த ஊர் அவளை ஒதுக்குவது அநியாயம் என்றும் எழுதுகிறார்கள். ஊரை எரிக்கக்கூடியவளைப் பார்த்து ஊர் பயப்படுவதில் என்ன அநியாயம்? சக்தி சின்னதாக, ஊருக்கு உபயோகமாக இருக்கும்போதுதான் வெறுப்பின் அசிங்கம் வெளியே தெரியும்.

அந்த வெறுப்பை யாரும் வாயால் சொல்ல வேண்டாம், காரியத்தில் காட்டுங்கள். சாமத்தில் ஒரு தாய், காய்ச்சலில் காந்துகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, தெருவாசலை விட்டுவிட்டுப் புறவாசல் வழியாக வருகிறாள். "எக்கா, ஒரு பிடி திருநீறு போட்டுத் தாங்க" என்று கெஞ்சுகிறாள். நாயகியின் அம்மா மந்திரித்துப் பூசிவிடுகிறாள், பிள்ளை தூங்கிவிடுகிறது. மறுநாள் காலையில் அடிபம்பில் அதே தாய், நாயகியின் குடம் தன் குடத்தில் பட்டுவிடாமல் நகர்த்தி வைக்கிறாள், வைத்துவிட்டுத் தன் குடத்தில் இருந்த தண்ணீரையும் கீழே ஊற்றிவிட்டு வேறு பிடிக்கிறாள். நாயகி அதைப் பார்க்கிறாள். இதற்கு மேல் ஒரு வரி விளக்கம் வேண்டாம்.

கொடை விழாவை விட்டுவிடாதீர்கள், இந்தக் கதைக்கு அதுதான் பெரிய வரப்பிரசாதம். சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து நடக்கிறது, அதற்கு அடிக்கிற மகுடம் என்கிற தோல்வாத்தியம் வேகம் பிடிக்கிறது, கோமரத்தாடிக்கு, அதாவது சாமியாடிக்கு, அருள் வருகிறது, ஊரே காலில் விழுந்து திருநீறு வாங்குகிறது. அதே மகுட அடியில் ஓரமாக நிற்கிற நம் பெண்ணுக்கும் உடம்பு நடுங்கினால்? "இது சாமியா, பேயா?" என்று கேட்பார்கள். ரெண்டு பேருக்கும் வந்தது ஒன்றாகவே இருக்கலாம், யாருக்கு வந்தது என்பதை வைத்துத்தான் ஊர் பெயர் வைக்கிறது. நாவலின் நடுமுதுகெலும்பாக இந்த ஒரு ராத்திரியையே வைக்கலாம்.

அப்புறம் சாதி. சூனியக்காரிகளைச் சாதிக்குப் பதிலாக வைத்து, ஊரில் சாதியே இல்லாத மாதிரி எழுதினால் நம் பக்கத்துப் பிள்ளைகள் ரெண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அவள் எந்தத் தெரு, யார் வீட்டில் டம்ளர் தனி, எல்லாம் கதைக்குள் வரட்டும். முத்துப்பட்டன் கதையை வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். பிராமணனாகப் பிறந்தவன், செருப்புத் தைக்கிற வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்காவைக் கட்டுவதற்காகப் பூணூலையும் குடுமியையும் அறுத்தெறிகிறான், பிறகு மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாகிறான். பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கிற அவனுக்கு இன்றும் தோல் செருப்பைத்தான் காணிக்கையாகப் போடுகிறார்கள். மாயமும் சாதியும் ஒரே மூச்சில் வருகிற கதை நம்மிடம் எப்போதோ இருக்கிறது, தைரியமாக எழுதுங்கள்.

வில்லனுக்கு ஒரு லாபம் இருக்க வேண்டும். பெண்களைச் சூனியக்காரி என்று பழிசுமத்தி அடிப்பதும் கொல்வதும் இந்தியாவில் கதை இல்லை, நிஜம். அதைத் தடுக்க பீகார் 1999-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. பல வழக்குகளில் பழிக்குப் பின்னால் நிலம் இருக்கும், தனியாக இருக்கிற விதவை இருப்பாள். உங்கள் கதையில் பெரியப்பாவுக்கு நாயகி வீட்டுப் பனைவிளை மேல் ஒரு கண் என்று வைத்தால், "அவ பார்வை சரியில்ல" என்று முதலில் கிளப்பிவிட்டது யார் என்று வாசிக்கிற பிள்ளை தானே தேடிக் கண்டுபிடிக்கும். முடிவில் ஊரே திருந்தி மாலை போட வேண்டாம், ஒருத்தர் மாறினால் நம்புவார்கள்.

பேச்சு நெல்லைப் பேச்சாகவே இருக்கட்டும். "சாமத்துல வந்து கூப்புடுதாவ, பகல்ல ஒரு வார்த்த பேச மாட்டாவ" என்று அம்மா சொன்னால் பாதிக் கதை முடிந்தது. ஏட்டி, மைனி, ஆச்சி எல்லாம் யார் யாரை எப்போது சொல்வார்கள் என்று கவனியுங்கள். எழுதி முடித்ததும் ஊரில் ஒரு ஆச்சியிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள், "இப்படி யாருட்டி பேசுவா?" என்று அவர் நிறுத்துகிற இடத்தையெல்லாம் திருத்துங்கள்.