சேலத்திலிருந்து இங்கிலாந்து வந்தவர்களுக்கு: உடம்புக் கோளாறை ஊர் லீவுக்கு ஒத்திப்போடாதீர்கள்

சேலத்தில் உடம்புக்கு ஒன்று என்றால் எங்கே போவது என்று நமக்குத் தெரியும். ஐந்து ரோடு பக்கம் தெரிந்த டாக்டர் இருப்பார், நாலு கடை தள்ளி ஸ்கேன் சென்டர் இருக்கும், சாயங்காலம் ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். வசதி இல்லாதவருக்கு ஜி.எச். ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்பவர்கூட மலையிறங்கி வந்து நேராக ஸ்பெஷலிஸ்ட்டையே பார்க்கலாம். இங்கிலாந்தில் ஜி.பி. என்ற குடும்ப டாக்டர்தான் வாசல். அவர் எழுதிக் கொடுத்தால்தான் பெரும்பாலான ஸ்கேனும் ஸ்பெஷலிஸ்ட்டும் கிடைக்கும். அந்த வாசலுக்கே போகாமல் நாளைக் கடத்துபவர், வலி தாங்காமல் ஒருநாள் ராத்திரி போய் நிற்கும் இடம் ஏ அண்ட் இ என்கிற அவசரப் பிரிவு. கேன்சர் முதன்முதலாகத் தெரியவருவதற்கு அது மிக மோசமான இடம்.

இங்கிலாந்தில் இதைக் கணக்கு வைத்துப் பார்க்கிறார்கள். 2006-ல் கேன்சர் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது அவசரச் சிகிச்சைக்குப் போன இடத்தில்தான் தெரிந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. 2020-ல் கொரோனா முதல் அலையின்போது மக்கள் ஜி.பி.யிடம் போகத் தயங்கியதால் மறுபடி ஏறியது. உணவுக்குழாய், இரைப்பை, பெருங்குடல், மலக்குடல், கல்லீரல், கணையம், நுரையீரல், சினைப்பை ஆகிய எட்டு கேன்சர்களை மட்டும் எடுத்து, ஆறு நாடுகளின் 2012 முதல் 2017 வரையான பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் லான்செட் ஆன்காலஜி இதழில் வந்தது. அதில் அவசர அட்மிஷனில் கேன்சர் தெரியவந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 24 சதவீதம், நியூசிலாந்தில் 42.5 சதவீதம், இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். எந்த நாடானாலும், அவசர அட்மிஷனில் தெரியவந்தவர்கள் ஓராண்டுக்குள் இறப்பது மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். குடலில் வளர்ந்த கட்டி வழியை அடைத்த பிறகுதான் வாந்தியும் வயிற்று உப்பலுமாக ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். கணையக் கட்டி பித்தக்குழாயை அழுத்தினால் மஞ்சள் காமாலை, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தால் மூச்சுத்திணறல், மூளைக்கட்டி என்றால் முதல் அறிகுறியே வலிப்பாக இருக்கலாம். அந்த நிலையில் உயிரைக் காப்பாற்றும் வேலைதான் முதலில் நடக்கும். திட்டமிட்ட ஆபரேஷனுக்கோ கீமோவுக்கோ பலருக்கு உடம்பில் தெம்பு மிச்சமிருக்காது. எல்லாவற்றையும் முன்கூட்டிப் பிடித்துவிட முடியாது என்பதும் உண்மை. சில ரத்தப் புற்றுநோய்கள் ஒரே வாரத்தில் ஆளைச் சாய்க்கும். ஆனால் பெருங்குடல், வாய், நுரையீரல், சினைப்பை ஆகியவற்றில் பெரும்பாலும் பல வாரம் முன்பே உடம்பு ஏதாவது சொல்லியிருக்கும்.

நம்மவர்களிடம் அந்த வாரங்கள் வீணாவது ஒரு பேச்சில்தான்: “தீபாவளிக்கு ஊருக்குப் போறப்ப பாத்துக்கலாம்.” இங்கே அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது, பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. ஆனாலும் ஐந்து மாதம் கழித்துச் சேலத்தில் ஒரே நாளில் எடுக்கும் ஸ்கேனைவிட, இங்கே மூன்று வாரம் காத்திருந்து எடுக்கும் ஸ்கேன் நான்கு மாதத்துக்கு மேல் முந்தியது. விசாவுக்கு ஹெல்த் சர்சார்ஜ் கட்டியவருக்கும், அந்தக் கட்டண விலக்குள்ள ஹெல்த் அண்ட் கேர் விசாவில் வந்தவருக்கும், அவர்களோடு விசா பெற்று வந்த குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிச் சிகிச்சை ஏற்கெனவே உள்ள உரிமை.

வந்த முதல் வாரமே வீட்டருகே உள்ள ஜி.பி. சர்ஜரியில் (ஜி.பி.யின் கிளினிக்கை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டோ வீட்டு முகவரிச் சான்றோ இல்லை என்பதற்காக அவர்கள் மறுக்கக் கூடாது. மறுத்தால் என்.எச்.எஸ். என்ற அரசு மருத்துவச் சேவையின் விதியில் அப்படி இல்லையே என்று நிதானமாகக் கேளுங்கள். வீடு மாறினால் அன்றே முகவரியையும் போன் நம்பரையும் மாற்றுங்கள். ரூம் மாறிக்கொண்டே இருக்கும் மாணவர்களும் கேர் ஹோம் வேலைக்கு வந்தவர்களும் ஆஸ்பத்திரிக் கடிதத்தைத் தவறவிடுவது இங்கேதான். ஆஸ்பத்திரி அழைப்பு பல நேரம் நம்பர் தெரியாமல்தான் வரும், எடுத்துப் பேசுங்கள்.

ஜி.பி.யிடம் பேசும் பத்து நிமிடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நாம் வளர்ந்த விதம் அங்கே நமக்கு எதிராக வேலை செய்யும். டாக்டர் நேரத்தை வீணாக்கக் கூடாதென்று “கொஞ்சம் வயிறு சரியில்லை, மத்தபடி பரவாயில்லை” என்போம். அவரும் அதை அப்படியே எழுதிக்கொள்வார். இப்படிச் சொல்லுங்கள்: “ஆறு வாரமாக மலம் கழிக்கும் முறை மாறியிருக்கிறது. மூன்று தடவை ரத்தம் பார்த்தேன். சாப்பாட்டைக் குறைக்காமலே 4 கிலோ குறைந்திருக்கிறது. கேன்சரோ என்று பயமாக இருக்கிறது.” எத்தனை வாரம், எத்தனை தடவை, எத்தனை கிலோ என்ற எண்களும், அந்தக் கடைசி வாக்கியமும் முக்கியம். ரத்தத்தை மூலம் என்று நீங்களே முடிவுகட்டிச் சொல்லாதீர்கள். தேதி போட்டுப் போனில் குறித்து வையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், இலவசம். பிள்ளைகளை வைத்துப் பேச வேண்டாம். மாதவிடாய், மலம் பற்றியெல்லாம் மகன் முன்னால் அம்மா வாய் திறக்க மாட்டார்.

தள்ளிப்போடக் கூடாதவை: மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், மூன்று வாரத்துக்கு மேல் இருமல், விழுங்கச் சிரமம், சிறுநீரில் ரத்தம், மார்பிலோ கழுத்திலோ கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு. ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் வயிறு உப்பலாகவே இருந்தால் அதை கேஸ் என்று விடாமல் சினைப்பைக் கேன்சருக்கான சிஏ 125 ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். இங்குள்ள டாக்டர்கள் பலர் சிகரெட்டைப் பற்றி மட்டும்தான் கேட்பார்கள்.

கிளம்பும் முன் “எத்தனை வாரத்தில் சரியாகாவிட்டால் திரும்ப வர வேண்டும்?” என்று கேட்டு, அந்தத் தேதியில் திரும்பிப் போங்கள். 2025-ல் வந்த ஜெஸ் விதிப்படி, ஒரே தொல்லைக்கு மூன்றாம் முறை வருபவரின் விஷயத்தை ஜி.பி. புதிதாக யோசிக்க வேண்டும். அதனால் மூன்றாம் முறை போக வெட்கப்படத் தேவையில்லை. கேன்சர் சந்தேகம் என்று அவசரமாக ரெஃபர் செய்தால் 28 நாளுக்குள் ஆம், இல்லை என்று சொல்ல வேண்டும் என்பது இலக்கு. எல்லா இடத்திலும் அது எட்டப்படுவதில்லை. இரண்டு வாரத்தில் தகவல் இல்லையென்றால் சர்ஜரிக்குப் போன் போடுங்கள். ரெஃபர் செய்துவிட்டாலே கேன்சர் என்று பொருளில்லை. அப்படி அனுப்பப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கேன்சர் இருப்பதில்லை.

அறிகுறியே இல்லாதவர்களுக்குப் பரிசோதனை அழைப்பு வீட்டுக்கே வரும், ஜி.பி. பதிவு இருந்தால். 50 முதல் 74 வயதுவரை இரண்டாண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனைப் பொட்டலம், பெண்களுக்கு 25 வயதிலிருந்து கருப்பைவாய்ப் பரிசோதனை, ஐம்பதுக்குப் பின் மேமோகிராம். பொட்டலத்தை அலமாரியில் போட்டு வைக்காதீர்கள்.

பேரப்பிள்ளை பார்க்க விசிட் விசாவில் வரும் பெற்றோர் கதை வேறு. ஜி.பி.யிடமும் ஏ அண்ட் இ-யிலும் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வார்டில் அட்மிட் ஆனதும் என்.எச்.எஸ். விலையில் ஒன்றரை மடங்கு பில் வரும். ஏற்கெனவே இருந்த நோய் என்று காட்டிப் பயண இன்சூரன்ஸ் கைவிரிக்கலாம். அதனால் டிக்கெட் போடுமுன் சேலத்திலேயே பார்த்துவிடுங்கள். முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே உண்டு. வீடியோ காலில் “நல்லா இருக்கேன் கண்ணு” என்பதோடு விடாமல் எடை எவ்வளவு என்று மாதாமாதம் கேளுங்கள். பழைய ரிப்போர்ட், ஸ்கேன் சி.டி., பயாப்ஸி செய்திருந்தால் அதன் திசு மாதிரியான ஸ்லைடும் பிளாக்கும் கையில் வரட்டும்.

இத்தனையும் படித்துவிட்டு ஏ அண்ட் இ-க்குப் போகவே தயங்காதீர்கள். மூச்சுத்திணறல், நிற்காத ரத்தம், வலிப்பு என்றால் உடனே 999 என்ற அவசர எண், சந்தேகமென்றால் 111 என்ற ஆலோசனை எண். அங்கே வேறெதற்கோ ஸ்கேன் எடுத்தபோது “ஒரு நிழல் தெரிகிறது, ஜி.பி. பார்த்துக்கொள்வார்” என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினால், அந்தக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, ஒரு வாரத்துக்குள் நீங்களே ஜி.பி.யைக் கூப்பிட்டு அந்த வரியைப் படித்துக் காட்டுங்கள்.