சினிமா, நாடக நிர்வாகத்துக்கு வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

மீட்டிங்குக்கு லேட்டாக வருவது, மெயிலுக்குப் பதில் போடாதது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வயதில் நாங்கள் இடறிய அதே கல்லில் புதுசுகளும் வந்து இடறுகிறார்களே, அதைப் பற்றித்தான் பேச்சு.

'நிகர லாபத்தில் பங்கு' என்றதும் கையெழுத்துப் போடுவது

இன்றைக்கும் என்னைக் கடுப்பேற்றும் தவறு இது. ஒரு இளைஞர் ஒப்பந்தத்தோடு வந்தார். "சார், அஞ்சு பர்சென்ட் தர்றாங்க!" எதில் அஞ்சு என்று கேட்டேன். முழித்தார். 'நிகர லாபம்' என்றால் என்ன என்பது பின்னிணைப்பில் பொடி எழுத்தில் கிடந்தது. அந்தப் பக்கத்தை அவர் புரட்டவே இல்லை.

டிக்கெட் வசூல் 100 என்று வையுங்கள். தியேட்டர் பாதியை எடுத்துக்கொண்டால் விநியோகஸ்தருக்கு 50. அதில் 30 சதவீதம் விநியோகக் கட்டணம் என்றால் 15 காலி. விளம்பரத்துக்கு இன்னொரு 15. மிச்சம் 20. படம் எடுத்த செலவும் 20தான், சரிக்குச் சரி என்று நினைப்பீர்கள். வட்டியும் ஸ்டூடியோ ஓவர்ஹெட்டும் (ஸ்டூடியோவின் பொது நிர்வாகச் செலவு) அதற்கு மேல் ஏறும். ஓடிய படம் ஏட்டில் நஷ்டம். உங்கள் அஞ்சு பர்சென்ட்? பூஜ்யம்.

1988-ல் வந்த 'கமிங் டு அமெரிக்கா' உலகமெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. நிகர லாபமே இல்லை என்றது அந்த ஸ்டூடியோ, பாரமவுண்ட். கதை தன்னுடையது என்று வழக்குப் போட்ட அமெரிக்கப் பத்திரிகை எழுத்தாளர் ஆர்ட் புக்வால்டுக்காக, அந்தக் கணக்கு முறையின் சில விதிகள் அநியாயம் என்று 1990-ல் நீதிமன்றமே சொன்னது. அதற்குப் பிறகும் அந்த வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்களை என்ன சொல்ல? மொத்த வருவாயில் பங்கு கேளுங்கள், குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. கிடைக்காவிட்டால் கட்டணங்களுக்கு உச்சவரம்பு வாங்குங்கள். கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமையையும் அதன் கெடுவையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஹவுஸ்ஃபுல் போர்டில் மயங்குவது

நாடகத்தில் அரங்க வாடகையும் சம்பளமும் விளம்பரமும் வாராவாரம் கழியும். அதற்கு மேல் வருவதுதான் போட்ட முதலை அடைக்கும். பாதி சீட் ஓசி பாஸ் என்றால் அரங்கம் நிறையும், கல்லா நிறையாது.

பிரிவ்யூ கைதட்டல்

கூப்பிட்டு உட்காரவைத்த கூட்டம். தட்டாமல் என்ன செய்யும்?

கேடிஎம் ஆபரேட்டர் பாடு என்று விடுவது

படம் பூட்டப்பட்ட ஹார்ட் டிஸ்க் தியேட்டருக்கு வந்துவிட்டால் மட்டும் படம் ஓடிவிடாது. அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவிதான் கேடிஎம்; அது தியேட்டரின் குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும்தான் வேலை செய்யும். பழுதான சர்வரை மாற்றிவிட்டு விநியோகஸ்தரிடம் வாய் திறக்காமல் இருந்தால், முதல் காட்சிக்கு ஜனம் உள்ளே விசிலடிக்க, மேனேஜர் காதில் போனோடு வராந்தாவில் நடந்துகொண்டிருப்பார். சர்வர் மாறிய அன்றே அதன் சான்றிதழை அனுப்பிவிடுங்கள்.