பூச்சி பரப்பும் கால்நடை வைரஸ் நோய்கள்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

தண்ணீர் தேங்க விடாதே, கொட்டகையைக் கூட்டிப் பெருக்கு என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களும் தொழிலுக்கு வந்த புதிதில் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள் வேறு.

எல்லாவற்றையும் கொசு என்று நினைப்பது

ஆடு மாடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோயைப் பரப்பும் கூலிகாய்ட்ஸ் என்ற பொடிப்பூச்சி 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். சாதாரணக் கொசுவலைக் கண்ணில் நுழைந்துவிடும். பெருகுவது ஈரச் சாணத்திலும் சேற்றிலும். குடித்த ரத்தத்திலுள்ள வைரஸ் அதன் உடலுக்குள் பெருகி எச்சில் சுரப்பியை எட்டினால்தான் அடுத்த ஆட்டுக்குத் தொற்றும். 25 டிகிரி வெப்பத்தில் இதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். 12 டிகிரிக்குக் கீழே பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும்.

மாட்டின் தோலில் கட்டி கட்டியாக எழும் தோல் கழலை நோய் அப்படியில்லை. தொழுவ ஈ ஒரு மாட்டைக் கடிக்கும்போது மாடு வாலை வீசும்; பாதி வயிற்றோடு பறந்து அடுத்த மாட்டில் உட்காரும். அதன் வாயுறுப்பில் ஒட்டிய வைரஸே போதும். இந்த ஈ முட்டையிடுவது மூத்திரத்தில் ஊறி மக்கும் வைக்கோலில். அந்தக் குவியலை விட்டுவிட்டுக் குட்டையில் மருந்து தெளித்தால் ஈ குறையாது.

நோய் புகுந்த மந்தையில் ஒரே ஊசி

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. பக்கத்துப் பண்ணையில் கழலை கண்டதும் அவசரமாகத் தடுப்பூசி போடக் கிளம்புவார்கள். ஒரே ஊசி நாற்பது மாட்டுக்கும் போகும். குத்தி எடுத்த ஊசியின் அடிக்கழுத்தை உற்றுப் பாருங்கள், மெல்லிய சிவப்புக் கோடு தெரியும். ஈயின் வாயில் ஒட்டும் ரத்தத்தைவிட அது அதிகம். அதே ஊசியை மறுபடி மருந்துக் குப்பிக்குள் விட்டால் மிச்ச மருந்து முழுவதும் கெட்டது.

நலமாகத் தெரியும் மாடு நான்கு வாரம்வரைகூட நோயை உள்ளே வைத்திருக்கலாம். காய்ச்சல்தான் முதலில் வரும், கழலை பிறகு. அதனால் ஊசி போடுமுன் வெப்பமானி வையுங்கள், 39.5 டிகிரிக்கு மேல் இருந்தால் அந்த மாட்டைத் தனியே கட்டுங்கள். மாட்டுக்கு ஒரு ஊசி. குப்பியிலிருந்து மருந்து எடுக்க ஒரு தனி ஊசி குப்பியிலேயே செருகி இருக்கட்டும். நோயில்லாத வெளிவட்டப் பண்ணைகளில் தொடங்கி உள்ளே வாருங்கள், ஒருபோதும் உள்ளிருந்து வெளியே போகாதீர்கள்.

சிக்கனம் பார்த்து ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போவது இன்னும் மோசம். ஒட்டியிருக்கும் ஸ்பிரிட் உயிருள்ள தடுப்பூசி வைரஸைக் கொன்றுவிடும். நோய் பரவும் வாய்ப்போ முழுதாகப் போகாது. கரைத்த மருந்து பனிக்கட்டியில், வெயில் படாமல் இருக்கவேண்டும். எதிர்ப்புச் சக்தி முழுமையாக ஏற மூன்று வாரம் ஆகும். அதற்குள் நோய் வந்தால் பழி தடுப்பூசி மேல் விழும். அடுத்த முறை அந்த ஊரில் யாரும் மாட்டைப் பிடித்துத் தரமாட்டார்கள்.

கொசு பரப்பும் ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற வைரஸ் நோயிலும் இதே ஆபத்துதான்.

மாட்டில் அறிகுறி இல்லை, அதனால் நோய் இல்லை

நீலநாக்கில் செம்மறியாடு வாய் வீங்கி நுரை தள்ளும். மாடு பெரும்பாலும் சும்மா நிற்கும், ஆனால் அதன் ரத்தத்தில் 60 நாள்வரை வைரஸ் ஓடலாம். வாங்கிய மாட்டை நேரே ஆட்டுப்பட்டி அருகே கட்டாதீர்கள்.

குளிர் வந்தால் தீர்ந்தது

2006 ஆகஸ்டில் நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியில் நீலநாக்கு தலைகாட்டியபோது பலர் நம்பியது இதைத்தான். தெற்கு ஐரோப்பாவில் இந்நோயைப் பரப்பும் முக்கியப் பொடிப்பூச்சி இனம் அங்கே இல்லை. உள்ளூர் இனங்களே சுமந்தன. குளிர்காலத்தைத் தாண்டி 2007இல் முன்னைவிடப் பெரிதாகப் பரவியது.

கன்று வீசினால் வெறுங்கை

ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சலில் சினை மாடு கன்று வீசும், அதாவது கரு கலையும்; அந்தக் கருவைத் தொடுபவருக்கும் நோய் தொற்றும். அதைத் தொடுமுன் கையுறை, முகக்கவசம், கண்ணாடி.

ரத்த மாதிரி

நீலநாக்கு வைரஸ் சிவப்பணுவில் ஒட்டியிருக்கும். சீரம் மட்டும் அனுப்பினால் வைரஸ் தப்பிவிடும். ரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்துள்ள ஊதா மூடிக் குழாயில் முழு ரத்தம் எடுங்கள், குளிரில் வையுங்கள், பனிக்கட்டியாக உறைய விடாதீர்கள்.