பழைய வானொலிப் பதிவுத் தட்டு: விற்குமுன் பார்க்க வேண்டியவை

1930, 40-களில் அமெரிக்க வீடுகளில் ரெக்கார்டியோ போன்ற வீட்டுப் பதிவுக் கருவிகளை வைத்துப் பதிந்த தட்டுகள் பழம்பொருள் ஏலங்களுக்குப் பெட்டி பெட்டியாக வருகின்றன. பெரும்பாலானவற்றில் குழந்தை பாடுவதும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் இருக்கும். சிலவற்றில்தான் வானொலியிலிருந்து நேரடியாகப் பதிந்த நிகழ்ச்சி இருக்கும். அப்படிப்பட்ட வானொலித் தட்டைத் தனியே பிரித்து மதிப்பிட இப்படிச் செய்யுங்கள்.

1. ஆலையில் அச்சடித்த தட்டா, கருவியில் ஒவ்வொன்றாக வெட்டிய தட்டா? நடுத்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு துளை இருந்தால் அநேகமாக வெட்டிய லாக்கர் தட்டு, அதாவது அடித்தட்டின் மேலுள்ள லாக்கர் பூச்சில் ஊசியால் ஒலியை வெட்டியது. விளிம்பில் வெள்ளிக்கோடு தெரிந்தால் அடியில் அலுமினியம். பழுப்பாக இருந்தால் அட்டை. வளையாமல் விறைப்பாகக் கனத்தால் கண்ணாடி, போர்க்கால அலுமினியத் தட்டுப்பாட்டின் விளைவு.

2. மேற்பரப்பு. வெண்மையான மெழுகுப் படலத்தைப் பூஞ்சை என்று நினைத்துப் பலர் ஆல்கஹால் போட்டுத் துடைத்துவிடுகிறார்கள். செய்யாதீர்கள், லாக்கர் கெட்டுப்போகும். பூச்சில் கலந்திருக்கும் விளக்கெண்ணெய் சிதைந்து பால்மிட்டிக் அமிலமாக வெளியே வருவதுதான் அது. அதை அகற்ற முடியும், ஆனால் அனுபவசாலியிடம் விடுங்கள். விரிசல் வேறு விஷயம்: பூச்சு சுருங்குகிறது, அடித்தட்டு சுருங்குவதில்லை. செதில் கிளம்பிய தட்டின் மேல் தண்ணீரும் படக்கூடாது, முள்ளும் படக்கூடாது.

3. கேட்பது. இங்கேதான் பாதிப் புதையல் போய்விடுகிறது. கைச்சுற்று கிராமபோனின் எஃகு ஊசி ஒரே ஓட்டத்தில் ஒலி பதிந்த குழியை உழுதுவிடும். சூட்கேஸ் மாடல் பிளேயரும் வேண்டவே வேண்டாம். முள் மாற்ற வசதியுள்ள இலகுவான காந்த கார்ட்ரிட்ஜ்தான் (முள்ளைத் தாங்கும் தலைப்பகுதி) என் தேர்வு. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டுகளுக்கான 3 மில் முள்ளில் (சுமார் 76 மைக்ரான்) தொடங்குங்கள். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவாக வேண்டும், ‘சும்மா ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்’ என்பதே கிடையாது. விளிம்பில் வைத்த முள் உடனே வெளியே வழுக்கினால் பயப்படாதீர்கள். வெட்டும்போது வரும் நூல்சீவல் ஊசியில் சிக்காமலிருக்க, உள்ளிருந்து வெளியே பதிந்த தட்டுகளும் உண்டு.

4. உள்ளடக்கம். விலை நிற்பது இதில்தான். 1941 டிசம்பர் 8 அன்று ரூஸ்வெல்ட் ஆற்றிய உரை என்றால் துள்ளிக் குதிக்க வேண்டாம், நல்ல பதிவுகள் ஏற்கெனவே உள்ளன. சிற்றூர் நிலையத்தின் பேஸ்பால் வர்ணனையோ ஓட்டலிலிருந்து ஒலிபரப்பான ஜாஸ் குழுவோ என்றால் நிமிர்ந்து உட்காருங்கள். நேரடி ஒலிபரப்பை நிலையமே பதிந்து வைக்காமல் போயிருக்கலாம். ஒலிப்பொறியாளர் பில் சேவரி 1930-களில் பதிந்த ஜாஸ் ஒலிபரப்புகளை 2010-இல் ஹார்லெமின் தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் வாங்கியது இதனால்தான்.

லேபிளில் பென்சிலால் எழுதிய தேதியை அப்படியே நம்பாமல், அந்நாளைய செய்தித்தாளின் வானொலி நிகழ்ச்சிப் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் 78 வேகத்தில் மூன்று நிமிடம்தான் ஓடும். அரைமணி நிகழ்ச்சிக்கு எல்லாத் தட்டுகளும் வரிசையாக இருந்தால்தான் முழு மதிப்பு.

பின்சேர்க்கை: தட்டு உங்களுடையது என்பதால் ஒலியின் உரிமையும் உங்களுடையதாகாது. விற்பனைப் பக்கத்தில் முழுப் பதிவையும் ஏற்றாதீர்கள், சில வினாடிகள் போதும். கண்ணாடித் தட்டைத் தபாலில் அனுப்பவே அனுப்பாதீர்கள். வாங்குபவர் நேரில் வந்து எடுத்துப் போகட்டும்.