மால்டாவுக்குக் கம்பளியோடு வாருங்கள்

மால்டாவில் வேலை கிடைத்துப் புறப்படுகிறவர்களில் பலர், படங்களில் பார்த்த நீலக் கடலையும் வெயிலையும் நம்பிப் பருத்திச் சட்டைகளை மட்டும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இத்தீவின் கோடை புதிதல்ல; ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் பகல் வெப்பம் பெரும்பாலும் 32 டிகிரியை ஒட்டியும், அனல் வீசும் சில நாட்களில் 40 டிகிரியை நெருங்கியும் இருக்கும். உண்மையில் நம்மை வாட்டுவது ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வீட்டுக்குள் இருக்கும் குளிர்தான்.

அப்போது வெளியே பகலில் 15, 16 டிகிரியும் இரவில் 10 டிகிரியும் இருக்கும். எண்ணாகப் பார்த்தால் இது ஊட்டிக் குளிர்கூட இல்லை. ஆனால் இங்குள்ள பழைய வீடுகள் ஈரத்தை உறிஞ்சும் மஞ்சள் நிறச் சுண்ணாம்புக்கல்லால் கட்டப்பட்டவை. தரை ஓடு பதித்தது. வீடு முழுவதையும் சூடாக்கும் அமைப்பு பெரும்பாலும் கிடையாது. கடற்காற்றின் ஈரம் சுவரில் ஓதமாக ஏறி நிற்பதால், வெளியே வெயிலில் நிற்பதைவிட வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பதே அதிகம் குளிரும். என் முதல் குளிர்காலத்தில், தரைத்தள வீட்டில், பொங்கலன்று உடுத்துவதற்காக அலமாரியைத் திறந்தபோது பட்டு வேட்டியின் மடிப்பெங்கும் சாம்பல் நிறப் பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது.

ஆகவே வீடு பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன் சுவரின் மூலைகளைப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் புதிதாக வண்ணம் பூசியிருந்தால் காரணம் கேளுங்கள். கூடுமானவரை தெற்கு வெயில் விழும் மேல்தள வீட்டையே தேர்ந்தெடுங்கள். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கேஸ் ஹீட்டர் எரியும்போது நீராவியையும் வெளிவிடும் என்பதால் ஓதம் கூடும். சன்னலை முழுவதுமாக மூடிவிட்டு அதை எரிப்பது உயிருக்கே ஆபத்து. காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபயர் ஒன்றை முதல் ஆண்டிலேயே வாங்கிவிடுவது நல்ல செலவு.

மழையைப் பொறுத்தவரை நமக்கு ஓர் ஒற்றுமை உண்டு: இங்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் மழைக்காலம். ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 550 மில்லிமீட்டர், அதாவது சென்னை மழையில் பாதிக்கும் குறைவு. எனினும் ஒரே மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் நாட்களில் பள்ளத்தாக்குத் தெருக்களான ம்சீடா, பிர்கிர்காரா பகுதிகளில் தண்ணீர் ஆறாக ஓடும். கோடை முழுதும் படிந்த தூசியும் எண்ணெயும் முதல் மழையில் குழைந்து சாலை சோப்பு தடவியதுபோல் வழுக்கும். இரு சக்கர வண்டியில் உணவு கொண்டுசெல்லும் நம் பிள்ளைகள் அன்று ஒரு நடையைக் குறைத்துக்கொண்டாலும் தவறில்லை.

காற்றின் பெயர்களில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். வடமேற்கிலிருந்து அடிக்கடி வீசும் மஜ்ஜிஸ்ட்ரால் வீட்டைத் திறந்துவைக்க ஏற்றது. தென்கிழக்கிலிருந்து வரும் ஷ்லொக், சகாராவின் புழுதியையும் கடலின் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வரும். அதனோடு தூறலும் விழுந்தால் மாடியில் காயும் வெள்ளைத் துணி செம்மண் கறையாகிவிடும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மழை ஏறத்தாழ இல்லாததால் வடகமும் மோர் மிளகாயும் மாடியில் நன்றாகவே காயும். ஷ்லொக் வீசும் நாளில் மட்டும் தட்டுகளை உள்ளே எடுத்துவிடுங்கள்.