25 வயதுக்குக் கீழ் யூனிவர்சல் கிரெடிட்: குறைந்த தொகையில் மேலும் குறையாமல் பார்ப்பது எப்படி

பிரித்தானியாவில் வேலையில்லாத 24 வயதுக்காரருக்கும் 25 வயதுக்காரருக்கும் கடையில் அரிசி விலை ஒன்றுதான். வேலையில்லாதவருக்கும் வருமானம் குறைந்தவருக்கும் அரசு மாதந்தோறும் தரும் உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் அப்படியல்ல. 2025-26 நிதியாண்டில் தனியாளுக்கான அடிப்படைத் தொகை 25 வயதுக்குக் கீழ் மாதம் 316.98 பவுண், 25 ஆனவருக்கு 400.14. வயது வரம்பு சட்டத்திலேயே இருப்பதால் மேன்முறையீடு உதவாது. ஜோடியாக விண்ணப்பித்தால் ஒருவருக்கு 25 ஆகியிருந்தாலே போதும், அதே நிதியாண்டில் இருவருக்குமாக 628.10. இருவரும் 25க்குக் கீழ் என்றால் 497.55.

விசாவில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’ (அரசு உதவித்தொகை பெற முடியாது) என்று இருந்தால் விண்ணப்பிக்கவே வேண்டாம். அது விசா நிபந்தனையை மீறுவதாகும்.

விண்ணப்பம் இணையத்தில். வங்கிக் கணக்கு, நேஷனல் இன்சூரன்ஸ் (சமூகக் காப்புறுதி) எண், வாடகை ஒப்பந்தம், அடையாள ஆவணம் ஆகியவை கையில் இருக்கட்டும். யூனிவர்சல் கிரெடிட் இணையக் கணக்கைத் திறந்த நாள் கணக்கில் வராது. விண்ணப்பத்தை முழுமையாக அனுப்பிய நாளிலிருந்தே கணக்கு மாதம் ஓடும். அந்த ஒரு மாதமும் மேலும் ஒரு வாரமும் கழித்துத்தான் முதல் பணம். பொதுவாக நாள் கடத்தக் கூடாது. ஆனால் பழைய வேலையின் கடைசிச் சம்பளம் ஓரிரு நாளில் வரவிருந்தால், அது வந்த மறுநாள் அனுப்புவது நல்லது. முதல் மாதத்துக்குள் விழும் சம்பளத்தின் ஒவ்வொரு பவுணுக்கும் யூனிவர்சல் கிரெடிட்டில் 55 பென்ஸ் வெட்டப்படும்.

இடையில் சமாளிக்க அட்வான்ஸ் கேட்கலாம். வட்டியில்லை, ஆனாலும் கடன்தான். 24 மாதம் வரை தவணையாகக் கழிப்பார்கள். சிறிய தொகையில் இந்தக் கழிவு நன்றாகவே வலிக்கும், தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

பெரிய ஆபத்து சாங்ஷன், அதாவது நிபந்தனையை மீறியதற்கான பண வெட்டு. ஜாப் சென்டர் (அரசு வேலைவாய்ப்பு அலுவலகம்) சந்திப்பைத் தவறவிட்டால் அடிப்படைத் தொகை நாள் கணக்கில் முழுவதுமாக நிற்கும், மாதம் 316.98 என்றால் நாளுக்குப் பத்து பவுணுக்குச் சற்று மேல். சொன்னதைச் செய்யும் வரை அது தொடரும், முதல் தடவையென்றால் அதன்மேல் இன்னும் 7 நாள். யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்காகத் தரும் பகுதியைத் தொடமாட்டார்கள். போக முடியாவிட்டால் முன்கூட்டியே ஜேர்னலில் (உங்கள் இணையக் கணக்கில் செய்தி எழுதும் பகுதி) எழுதுங்கள். தொலைபேசியில் சொன்னதற்குப் பிறகு சாட்சி இருக்காது. வாரம் 35 மணி நேரம் வரை வேலை தேடச் சொல்வார்கள். நோயோ பராமரிப்புப் பொறுப்போ இருந்தால் ஜாப் சென்டரோடு செய்யும் ஒப்பந்தத்தை ஏற்கும்முன் மணிநேரத்தைக் குறைக்கக் கேளுங்கள். சாங்ஷன் விழுந்துவிட்டால் தாமதிக்காமல் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதற்கும் மறுத்தால் தீர்ப்பாயம்.

தனியார் வீட்டில் தனியாக வாடகைக்கு இருக்கும் 35 வயதுக்குக் குறைந்தவருக்குப் வாடகை உதவியில் பகிர்ந்த வீட்டில் ஓர் அறைக்கான வரம்பே பொருந்தும். அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கு 25 வயது வரை விலக்குண்டு.

பெற்றோரோடு இருப்பவர்கள் 21ஆம் பிறந்தநாளைக் கவனியுங்கள். பெற்றோரும் யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைப் பணம் பெற்றால், அதையடுத்துப் பொதுவாக அவர்களின் தொகை குறையும், 2025-26இல் மாதம் 93.02 பவுண்.

முன்பு வேலை செய்து நேஷனல் இன்சூரன்ஸ் போதுமான அளவு கட்டியவர் நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ என்ற வேலை தேடுவோர் உதவித்தொகையும் கேட்கலாம். 2025-26இல் 25க்குக் கீழ் வாரம் 72.90 பவுண், 182 நாள் வரை. சேமிப்பைப் பார்க்கமாட்டார்கள். ஆனால் இரண்டும் பெற்றால் யூனிவர்சல் கிரெடிட்டில் அதே அளவு கழியும்.

25 நிறைந்ததும், பிறந்தநாள் விழும் கணக்கு மாதம் முழுவதற்குமே கூடிய தொகை வர வேண்டும். கணக்கறிக்கையில் பழைய தொகையே தெரிந்தால் அன்றே ஜேர்னலில் எழுதிக் கேளுங்கள்.