எண்ணுணர்வு: புளியங்கொட்டையும் முட்டை அட்டையும் கொண்டு வீட்டில் செய்யும் பயிற்சிகள்

ஒன்று முதல் நூறு வரை தடங்கலின்றி ஒப்பிக்கும் ஐந்து வயதுக் குழந்தையின் முன்னால் ஏழு புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து, எத்தனை என்று கேளுங்கள். எண்ணி முடித்து ‘ஏழு’ என்று சொன்னதும், அதன் கண்ணெதிரே அந்த வரிசையைச் சற்று அகலப் பரப்பிவிட்டு மறுபடியும் கேளுங்கள். குழந்தை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாலோ, இப்போது கூடிவிட்டது என்று சொன்னாலோ, எண்களின் பெயர்கள் மனப்பாடமாகியிருக்கின்றன, ஆனால் அவை குறிக்கும் அளவு இன்னும் மனத்தில் ஊன்றவில்லை என்று கொள்ளலாம். இது அந்த வயதுக்கு இயல்பானதே. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இத்தகைய சோதனைகளின் வழியேதான் சிறுவர்களின் எண் சிந்தனையை ஆராய்ந்தார். எண் குறிக்கும் அளவை மனத்தில் உணர்வதையே எண்ணுணர்வு என்கிறோம். பெயரிலிருந்து அளவுக்குக் குழந்தையை அழைத்துச் செல்வதற்கான பயிற்சிகளை, நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு, வரிசைப்படி இங்கே விளக்குகிறேன்.

தேவையான பொருள்கள்: கழுவிக் காயவைத்த புளியங்கொட்டை இருபது, இரண்டு தட்டுகள், புள்ளிகள் உள்ள பகடை ஒன்று, மளிகைக் கடையில் கிடைக்கும் முப்பது குழி முட்டை அட்டை ஒன்று. அட்டையில் முட்டை ஒழுகிய கறை இருக்கக் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட தம்பி, தங்கை வீட்டில் இருந்தால், கொட்டைகள் வாய்க்கும் மூக்குக்கும் போகாதபடி பயிற்சி முடிந்ததும் எடுத்து வைத்துவிடுங்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

முதல் படி: ஒன்றுக்கு ஒன்று

சிறு குழந்தைகள் எண்ணும்போது விரல் ஒரு வேகத்திலும் வாய் ஒரு வேகத்திலும் செல்வதால், ஒரு கொட்டை விடுபடும் அல்லது இருமுறை எண்ணப்படும். எனவே கொட்டைகளைத் தொட்டு எண்ணுவதோடு நிறுத்தாமல், ஒவ்வோர் எண்ணைச் சொல்லும்போதும் ஒரு கொட்டையை இடப்பக்கத் தட்டிலிருந்து வலப்பக்கத் தட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள். முடிந்ததும் ‘ஆக மொத்தம் எத்தனை?’ என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்த அளவு என்பது பெரியவர்களுக்கு வெளிப்படை. குழந்தைக்கு அது தனியே கற்க வேண்டிய செய்தி.

இங்கே திசையை மாற்றிப் பார்ப்பதும் அவசியம். எண்ணிக் காட்டச் சொல்வதைவிட, ‘எனக்கு ஐந்து கொட்டை கொடு’ என்று கேட்பது கடினமான கேள்வி, ஏனெனில் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைக் குழந்தையே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கை நிறைய அள்ளித் தருகிற குழந்தைக்கு இரண்டு, மூன்று என்ற சிறிய எண்களில் தொடங்குங்கள்.

இரண்டாம் படி: எண்ணாமல் அறிதல்

மூன்று அல்லது நான்கு பொருள்கள் வரை எண்ணாமலேயே கண்ணால் அறிந்துகொள்ள முடியும். மூன்று கொட்டைகளைத் துண்டால் மூடி, ஓரிரு நொடிகள் திறந்து காட்டி, மறுபடி மூடிவிட்டு எத்தனை என்று கேளுங்கள். பகடையின் புள்ளிகளையும் இவ்வாறே விரைந்து காட்டலாம். பல்லாங்குழி ஆடும் வீடாக இருந்தால் தனிப் பயிற்சியே வேண்டியதில்லை: குழிக்கு ஒன்றாகக் காய் போடுவது முதல் படியையும், ஒரு குழியில் நான்கு சேர்ந்ததும் ‘பசு’ என்று பார்த்த உடனே எடுத்துக்கொள்வது இரண்டாம் படியையும் பயிற்றுவித்துவிடும்.

மூன்றாம் படி: பிரித்தலும் சேர்த்தலும்

பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதியை இந்தப் படிக்கே ஒதுக்குங்கள் என்பேன். கூட்டலும் கழித்தலும் பின்னாளில் எளிதாவதும் கடினமாவதும், ஓர் எண்ணுக்குள் வேறு எண்கள் அடங்கியிருப்பதைக் குழந்தை காண்கிறதா என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

ஐந்து கொட்டைகளைக் குழந்தையே எண்ணி உங்கள் கையில் தரட்டும். முதுகுக்குப் பின்னால் இரு கைகளிலுமாகப் பிரித்து, ஒரு கையை விரித்து மூன்றைக் காட்டி, மூடிய கையில் எத்தனை என்று கேளுங்கள். தொடக்கத்தில் குழந்தை ஊகித்துத்தான் சொல்லும். விடை பிழையானால் எதுவும் சொல்லாமல் கையைத் திறந்து காட்டினால் போதும்; கொட்டைகளே திருத்திவிடும். ஐந்தை இரு கைகளில் சுழியமும் ஐந்தும், ஒன்றும் நான்கும், இரண்டும் மூன்றும் எனப் பிரிக்கலாம். கைகளை மாற்றினால் மேலும் மூன்று வகை. ஒரு கை வெறுமையாக இருக்கும் வகையை விட்டுவிடாதீர்கள், பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சுழியத்தைப் புரிந்துகொள்ளும் இடம் அதுதான்.

ஐந்து பழகிய பிறகே ஆறுக்கும் ஏழுக்கும் செல்ல வேண்டும். ஏழுக்குப் பகடை நல்ல துணை. வழக்கமான பகடையில் எதிரெதிர் முகங்களின் கூடுதல் எப்போதும் ஏழு என்பதால், மேலே இரண்டு விழுந்தால் அடியில் என்ன இருக்கும் என்று கேட்டு, விடை வந்ததும் புரட்டிப் பார்க்கச் சொல்லலாம்.

நான்காம் படி: பத்து

முப்பது குழி அட்டையில் ஒரு பக்கம் ஐந்தும் மறுபக்கம் ஆறும் குழிகள் இருக்கும். ஐந்து குழிகள் கொண்ட வரிசைகளை இரண்டிரண்டாக வெட்டினால் பத்துக் குழித் துண்டுகள் மூன்று கிடைக்கும். ஏழு கொட்டைகளைக் கொடுத்து, மேல்வரிசையை நிரப்பிய பின்னரே கீழ்வரிசைக்குச் செல்லச் சொன்னால், ஏழு என்பது ஐந்தும் இரண்டும் என்பதும், பத்துக்கு மூன்று குறைவு என்பதும் ஒரே பார்வையில் தெரியும். இரண்டு துண்டுகளை அருகருகே வைத்து ஒன்றில் எட்டும் மற்றொன்றில் ஐந்தும் இடச் செய்யுங்கள். இரண்டாவதிலிருந்து இரண்டை எடுத்து முதலாவதை நிரப்பினால் பத்தும் மூன்றும், அதுவே பதின்மூன்று. விரல்விட்டு எண்ணாமல் கூட்டும் வழி இவ்வாறு கைப்பழக்கமாகவே வந்துவிடும்.

ஐந்தாம் படி: எண்ணுருக்கள்

பல வீடுகளில் முதலில் தொடங்கப்படுவது இதுதான். ஒன்று முதல் நூறு வரை பக்கம் பக்கமாக எழுதவைப்பது கையெழுத்துக்கு உதவலாம், எண்ணுணர்வுக்கு உதவுவதாக எனக்குத் தோன்றவில்லை. தமிழ்நாட்டு அரசு 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் செயல்வழிக் கற்றலையே முன்வைத்தது. தனியே சிறு காகித அட்டைத் துண்டுகளில் 0 முதல் 10 வரை எழுதிக் கலைத்து வைத்து, எடுக்கும் எண்ணுக்கேற்பக் கொட்டைகளைக் குழிகளில் இடச் செய்யுங்கள். அடுத்து, இட்ட கொட்டைகளுக்கு உரிய அட்டையைத் தேடி எடுக்கச் செய்யுங்கள். 6, 9 அட்டைகளின் அடியில் ஒரு கோடு போட்டுவைத்தால் தலைகீழாகப் பிடித்துத் தடுமாற நேராது.